இங்கே எதையும் சாய்ஸில் விட முடியாது: வெர்மான்ட் உயர்நிலைப் பள்ளிக்குப் புதிதாக வரும் தமிழ்ப் பெற்றோருக்கு

உயர்நிலைப் பள்ளி வயதுப் பிள்ளையோடு அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துக்கு வந்திருக்கிறீர்களா? எஸ்ஸெக்ஸ் ஜங்ஷனில் இருக்கும் சிப் ஆலைக்கு வந்தவராக இருக்கலாம், பர்லிங்டன் மருத்துவமனைக்கு வந்தவராக இருக்கலாம், விசா நிபந்தனைக்காக ஏதோ ஒரு மலையோரச் சின்ன ஊரில் மூன்று வருடம் வேலை பார்க்க ஒப்புக்கொண்ட டாக்டராகவும் இருக்கலாம். வீடு, கார், பனிக்கால டயர் பற்றியெல்லாம் யாராவது சொல்லிவிடுவார்கள். பள்ளியின் ரிப்போர்ட் கார்டை எப்படிப் படிப்பது என்று யாரும் சொல்வதில்லை. முதல் ரிப்போர்ட் வீட்டுக்கு வரும்போது பார்ப்பீர்கள்: நூற்றுக்கு இத்தனை என்று மார்க் இருக்காது, ரேங்க் இருக்காது, சில பள்ளிகளில் ஏ, பி, சி கூட இருக்காது. ஒரு பாடத்துக்கு நாலைந்து வரிகள், ஒவ்வொரு வரிக்கும் எதிரே 2, 3, 2.5 என்று ஓர் எண். அவ்வளவுதான்.

இது அந்தப் பள்ளியின் விருப்பம் மட்டும் அல்ல, மாநில விதி. 2013-இல் வந்த ஆக்ட் 77 என்ற சட்டமும், அதற்கு அடுத்த வருடம் நடைமுறைக்கு வந்த மாநிலக் கல்வி வாரியத்தின் தர விதிகளும் சேர்ந்து, 2020-இல் பள்ளி முடிக்கும் வகுப்பிலிருந்து டிப்ளமா, அதாவது பள்ளி முடித்ததற்கான சான்றிதழ், 'புரொஃபிஷியன்ஸி' (பிள்ளை செய்து காட்டும் திறன்) அடிப்படையில்தான் என்று ஆக்கிவிட்டன. எத்தனை மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்தான் என்பது கணக்கில் வராது. கிரெடிட் முறையை வைத்துக்கொள்ளும் பள்ளிகூட, அந்த கிரெடிட் எந்தத் திறனைக் காட்டியதற்காகக் கொடுக்கப்படுகிறது என்று சொல்லியாக வேண்டும். இதே வடகிழக்கு வட்டாரத்தில் இருக்கும் மெய்ன் மாநிலம் 2012-இல் இதே மாதிரி சட்டம் போட்டு, ஒரு வகுப்பு முழுதாக அதன்படி வெளியே வருவதற்குள் 2018-இல் கட்டாயத்தை நீக்கிவிட்டது. ஆகவே இந்த முறையைப் பற்றி உள்ளூர்ப் பெற்றோரே முணுமுணுப்பதைக் கேட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். முணுமுணுப்பு வேறு, டிப்ளமா வேறு. பிள்ளை இங்கே படிக்கிற வரைக்கும் விதி இதுதான்.

3 என்றால் 75 சதவீதம் அல்ல

பெரும்பாலான பள்ளிகளில் அளவுகோல் 1 முதல் 4 வரை. 1 ஆரம்ப நிலை, 2 வந்துகொண்டிருக்கிறது, 3 வேண்டிய அளவு வந்துவிட்டது, 4 அதைத் தாண்டிப் போயிருக்கிறது. நம் மனம் உடனே 3-ஐ 4-ஆல் வகுத்து, 'எழுபத்தஞ்சுதானா?' என்று கேட்கும். கேட்காதீர்கள். 3 என்பது இலக்கு. பள்ளி ஒரு பிள்ளையிடம் எதிர்பார்ப்பதை முழுமையாகச் செய்தாயிற்று என்று பொருள். 4 என்பது எல்லாக் கேள்விக்கும் சரியாக விடை எழுதினால் வருவதும் அல்ல. கற்றதைப் புதிய இடத்தில் தானாகப் பொருத்திக் காட்டினால் வருவது. எல்லா வேலையிலும் 4-க்கு வாய்ப்புக்கூட இருக்காது. தமிழ்நாட்டிலேயே 2017-இல் மாநில ரேங்க் பட்டியலை நிறுத்திவிட்டார்கள், நம் தலைக்குள் மட்டும் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, பயப்பட வேண்டியது எதற்கு? சராசரிக்குள் ஒளிந்துகொள்ள முடியாததற்கு. ஊரில் இயற்பியலில் ஒளியியல் பிடிக்கவில்லை என்றால் அந்தப் பாடத்தை சாய்ஸில் விட்டுவிட்டு மற்றதில் மார்க் எடுத்துப் பாஸாகிவிடலாம். இங்கே பள்ளி முடிக்கத் தேவையான ஒவ்வொரு திறனுக்கும் தனி வரி உண்டு. தரவுகளை வைத்து வாதம் செய்வது ஒரு வரி, சோதனையைத் தானே வடிவமைப்பது இன்னொரு வரி. கணக்குப் போடுவதில் 4 வாங்கியிருந்தாலும், சோதனை வடிவமைப்பில் 2-இல் நின்றால் அந்த வரி திறந்தேதான் இருக்கும். ஆகவே ரிப்போர்ட்டில் அதிகபட்ச எண்ணைத் தேடாதீர்கள். எந்த வரி இன்னும் 3 ஆகவில்லை, எந்த வரிக்கு இதுவரை எந்த வேலையும் ஒப்படைக்கப்படவில்லை என்று தேடுங்கள். பவர்ஸ்கூல், ஜம்ப்ரோப் போன்ற ஏதோ ஒரு தளத்தில் பெற்றோருக்கும் லாகின் கொடுப்பார்கள். மாதம் ஒரு முறை பார்த்தால் போதும். தினமும் பார்த்துப் பிள்ளையைக் குடைய வேண்டியதில்லை.

எழுத்து, கணிதம், அறிவியல், சமூக அறிவியல், உடற்கல்வியும் நலமும், கலை ஆகியவற்றோடு 'மாற்றத்தகு திறன்கள்' என்று ஒரு தனிக் கூட்டமும் உண்டு: தெளிவாகப் பேசி எழுதுவது, தன்னைத் தானே நடத்திக்கொள்வது, சிக்கல் தீர்ப்பது, குடிமைப் பொறுப்பு இப்படி. நம்மவர்கள் இதை 'எக்ஸ்ட்ரா கரிகுலர்' கணக்கில் தள்ளிவிடுவார்கள். டிப்ளமா கணக்கில் இதுவும் உள்ளே. மாநிலத் தேர்வு ஒன்று உண்டு. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் பொதுத் தேர்வு என்று எதுவும் இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் வீடு மயான அமைதியாக இருக்கத் தேவையில்லை.

மறுபடி எழுதலாம், ஆனால்

ஆர்டிஓ ஆபீஸில் எட்டுப் போடுகிறோம். முதல் தடவை கால் ஊன்றினால் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். மூன்றாவது தடவை போட்டவருக்கும் அதே லைசென்ஸ்தான், முதல் இரண்டு தடவையின் சராசரியைக் கழிப்பதில்லை. இங்கே ரீடேக் அப்படித்தான். செப்டம்பரில் 1 வாங்கிய திறனில் டிசம்பரில் 3 வாங்கினால், பல பள்ளிகளில் பிந்தையதே நிற்கும்.

இதில் பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 'அப்புறம் எழுதிக்கலாம்' என்று ஒவ்வொன்றாகத் தள்ளி, ஜூன் மாதம் நாலு பாடத்தில் ஏழு எட்டு வேலை குவிந்துவிடும். ரீடேக்குக்குப் பல பள்ளிகளில் நிபந்தனையும் இருக்கும்: பயிற்சி வேலைகளை முடித்திருக்க வேண்டும், ஆசிரியரைப் பார்த்துப் பேசியிருக்க வேண்டும், குறிப்பிட்ட வாரங்களுக்குள் கேட்க வேண்டும். உங்கள் பள்ளியில் எப்படி என்று முதல் மாதத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் விதி மாறும். இருபது மைல் தள்ளி வீடு மாறினால் அளவுகோலே வேறாக இருக்கலாம். இந்த முறையில் எனக்குப் பிடிக்காத அம்சம் இதுதான். திறன் ஒன்றுதான் என்றால் அளவு ஏன் ஊருக்கு ஊர் மாற வேண்டும்?

வீட்டுப்பாடம் நேரத்துக்குக் கொடுப்பது, வகுப்பில் பங்கெடுப்பது, கூட்டு வேலையில் ஒத்துழைப்பது எல்லாம் 'வேலைப் பழக்கங்கள்' என்று தனியாக வரும். பாட எண்ணோடு கலக்க மாட்டார்கள். கலக்கவில்லை என்பதால் அலட்சியம் வேண்டாம். சில பள்ளிகளில் விளையாட்டு அணியில் இருப்பதற்கும் ரீடேக் கேட்பதற்கும் இந்த எண்தான் நுழைவுச் சீட்டு.

நம் பிள்ளைகள் முதல் ஆறு மாதம் திணறுவது ஆங்கிலத்தால் என்று பலர் நினைக்கிறார்கள். பாதி நேரம் காரணம் அது அல்ல. புக் பேக் கேள்விகளை வரி பிசகாமல் எழுதிப் பழகிய பிள்ளை, பக்கம் நிறைய சரியான தகவலை எழுதிவிட்டு 2 வாங்கி வரும். 'எல்லாமே சரியாத்தானே எழுதியிருக்கேன்?' என்று கண் கலங்கும். ரூப்ரிக் என்ற ஒரு தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் 2-க்கும் 3-க்கும் என்ன வித்தியாசம் என்று எழுதியிருக்கும். பெரும்பாலும் 2 என்பது 'விவரிக்கிறார்', 3 என்பது 'ஆதாரம் காட்டி விளக்குகிறார்'. தகவல் சரியா என்பது முதல் படி மட்டுமே. ஏன், எப்படித் தெரியும், வேறு யார் என்ன சொல்கிறார்கள் என்பதற்குத்தான் எண். ஒரு நல்ல 3 கட்டுரையை ஆசிரியரிடம் மாதிரிக்குக் கேட்டால் கொடுப்பார்கள். அதை ஒரு முறை படித்த பிள்ளைக்கு டியூஷன் தேவைப்படாது. இணையத்திலிருந்து வரிகளை எடுத்தால் எங்கிருந்து எடுத்தது என்று போட வேண்டும் என்பதையும் முதல் வாரமே சொல்லிவையுங்கள்.

சேர்க்கும்போது

வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு படிவம் வரும். தமிழ் என்று உண்மையை எழுதுங்கள். பிள்ளைக்கு ஓர் ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். தேவைப்பட்டால் கூடுதல் உதவி இலவசம். அதில் குறைவு எதுவும் இல்லை. உங்களுக்கே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றாலும் பள்ளிதான் ஏற்பாடு செய்ய வேண்டும், பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கத் தேவையில்லை. சில ஊர்களில் உயர்நிலைப் பள்ளியே கிடையாது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளியில் படிக்கக் கட்டணத்தை ஊரே கட்டும். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதை விசாரியுங்கள்.

ஊரிலிருந்து ஒன்பது, பத்து, பதினொன்று வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், டிசி, தடுப்பூசி அட்டை எல்லாம் வேண்டும். பாடத்திட்டத்தின் பொருளடக்கப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியின் கவுன்சிலர் (மாணவர் வழிகாட்டி) அதைப் பார்த்துத்தான் எந்தெந்த வரிகளை 'ஏற்கெனவே காட்டிவிட்டார்' என்று குறிப்பார். பத்தாம் வகுப்புக்கு மேல் வருகிற பிள்ளைக்குக் கணக்கும் அறிவியலும் எளிதாக நிரம்பிவிடும். காலியாக நிற்பவை உடற்கல்வி, நலம், கலை, அமெரிக்க அரசியல் அமைப்பு. மகள் எட்டு வருடம் பரதம் ஆடியிருந்தால், மகன் மிருதங்கம் வாசிப்பவனாக இருந்தால், கலைக்கான வரியில் அதைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். பள்ளிக்கு வெளியே கற்றதையும் ஏற்க வெர்மான்ட் விதி இடம் தருகிறது. ஆனால் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி, எதை ஆதாரமாகக் கொடுப்பது என்று எழுத்தில் பேசிக்கொள்ள வேண்டும். அரங்கேற்ற ஆல்பத்தை ஜூனில் கொண்டுபோய் நீட்டினால் வேலைக்காகாது.

ஏழாம் வகுப்பு முதல் ஒவ்வொரு மாணவருக்கும் தனிக் கற்றல் திட்டம் ஒன்று உண்டு, பிஎல்பி என்பார்கள். அதைப் பற்றிய கூட்டத்தைப் பல பள்ளிகளில் பிள்ளைதான் நடத்தும். நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கப் போகிறீர்கள். பிள்ளை தடுமாறும்போது நீங்கள் குறுக்கே புகுந்து பதில் சொல்லாதீர்கள், அந்தத் தடுமாற்றமும் மதிப்பிடப்படுகிற திறன்தான்.

சின்னப் பள்ளியின் நல்லதும் கெட்டதும்

ஆசிரியர்களுக்கு உங்கள் பிள்ளையின் பெயர் இரண்டாம் நாளே தெரியும். மின்னஞ்சலுக்குப் பதில் வரும். மறுபக்கம், வேதியியலுக்கும் இயற்பியலுக்கும் ஒரே ஆசிரியராக இருக்கலாம். ஒரு பாடம் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான் நடக்கலாம். ஏபி எனப்படும் கல்லூரித் தரப் பாடங்கள் கைவிரலுக்குள் அடங்கும். எனவே ஒன்பதாம் வகுப்பிலேயே நாலு வருடத்துக்கும் ஒரு வரைவு போட்டுவிடுங்கள். பள்ளியில் இல்லாததை வெர்மான்ட் விர்ச்சுவல் லேர்னிங் கோஆப்பரேட்டிவ் மூலம் இணையத்தில் எடுக்கலாம். ஆக்ட் 77-இன் கீழ் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு இரண்டு கல்லூரிப் பாடங்களுக்குக் கட்டணம் இல்லாத வவுச்சர் உண்டு. அதை வீணாக்குவது எனக்குப் பொறுக்காது. தொழிற்கல்வி மையத்துக்குப் பாதி நாள் போகும் வழியும் உண்டு, 'ஐடிஐக்கா அனுப்புறீங்க?' என்று சித்தப்பா போனில் கேட்பார், கேட்டுக்கொள்ளுங்கள். பொறியியல், நர்சிங் பக்கம் போக நினைக்கிற பிள்ளைக்கு அங்கே நல்ல பட்டறை அனுபவம் கிடைக்கும்.

ஓர் எச்சரிக்கை. வேலையிடத்தில் கற்பதும் இந்த முறையில் ஒரு வழி, சில இடங்களில் சம்பளமும் தருவார்கள். எச்4 விசாவில் இருக்கும் பிள்ளை சம்பளம் வாங்கக் கூடாது, கிரீன் கார்டு விண்ணப்பத்தின் பேரில் தனி வேலை அனுமதி வாங்கியிருந்தால் ஒழிய. பள்ளியில் இருப்பவர்களுக்கு விசா நுணுக்கம் தெரியாது, நல்ல மனதோடு படிவத்தை நீட்டுவார்கள். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது ட்ரான்ஸ்கிரிப்ட்டோடு 'ஸ்கூல் ப்ரொஃபைல்' என்ற ஒரு தாளும் போகும். 1 முதல் 4 வரையான அளவுகோலை அதுதான் கல்லூரிக்கு விளக்குகிறது. நியூ இங்கிலாந்து எனப்படும் இந்த வடகிழக்கு வட்டாரக் கல்லூரிகளுக்கு இது பழக்கம்தான். உங்கள் பள்ளி 3-ஐ ஜிபிஏவாக (எல்லாப் பாடத்துக்குமான சராசரி எண்) மாற்றுகிறதா, எந்த எண்ணாக மாற்றுகிறது என்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே கேளுங்கள். உதவித்தொகைப் படிவங்கள் பல இன்னும் ஜிபிஏவைத்தான் கேட்கின்றன.

ஊருக்குத் திரும்பிப் படிக்க வைக்கும் எண்ணம் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கமான ஏஐயூவிடம் இணைத்தன்மைச் சான்றிதழ் வாங்க வேண்டிவரும். நீட் எழுதுவதென்றால் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகியவற்றைப் படித்ததற்குச் சான்று வேண்டும். 'அறிவியல் விசாரணை: 3' என்று மட்டும் சொல்லும் ட்ரான்ஸ்கிரிப்ட்டை வைத்துக்கொண்டு சென்னையில் கவுண்டருக்குக் கவுண்டர் அலைய வேண்டியிருக்கும். பாடத்தின் பெயர், படித்த வருடம், மதிப்பெண்ணுக்கு இணையான விளக்கம் ஆகியவற்றைப் பள்ளியின் கடிதத் தாளில், முத்திரையும் கையெழுத்துமாக, விமான டிக்கெட் போடுவதற்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். ஜூன் கடைசியில் பள்ளி மூடிவிட்டால் அலுவலகத்தில் ஆள் கிடைப்பது கஷ்டம்.