கழுத்தைப் பிடுங்கிய திறப்பு: சரிசெய்த விதம்

மெயின் பாராசூட் படாரென்று திறந்து தோள்பட்டையைப் பிடுங்குவது ஐம்பதை நெருங்கும் கழுத்துக்கு ஆகாதுங்க. குற்றம் துணியில் இல்லை, மடிப்பில்தான் இருந்தது.

முதல் காரணம், மடித்த கயிற்றைக் கட்டுக்கட்டாகப் பிடித்துவைக்கும் ரப்பர் பேண்டு. ஈரோட்டு வெயிலில் கார் டிக்கியில் கிடந்த பை. பேண்டை இழுத்தால் ஓரத்தில் பொடி வெடிப்பு. பிடி தளர்ந்தால் கயிறு மொத்தமும் ஒரேயடியாகக் கொட்டி, துணி நேரத்துக்கு முன்பே காற்றைப் பிடித்துவிடும். மீன்கடை ஸ்பிரிங் தராசில் மாட்டி இழுத்தேன்: கயிற்றுக்கட்டு 3.5 முதல் 5.5 கிலோவுக்குள் கழன்று வர வேண்டும், ஒன்றரைக்கே வந்தது. பழைய டேக்ரான் (தடித்த பாலியெஸ்டர்) கயிற்றை மாற்றி மெல்லிய கயிறு போட்டவர்கள் பெரிய பேண்டையே வைத்திருப்பார்கள், அதுவும் வழுக்கும். சின்ன அளவு வாங்கி எல்லாவற்றையும் மாற்றினேன்.

அடுத்தது ஸ்லைடர். கயிறுகள் நுழைந்து போகும் நாலு வளையம் வைத்த சதுரத் துணி அது; திறப்பின் வேகத்தைக் குறைப்பதே அதுதான். நாலு வளையமும் மேலே பாராசூட் துணியின் அடியில் உள்ள ஸ்டாப்பரில் (தடுப்பில்) முட்டி நிற்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்கணும், கண் ஏமாற்றும். போன தரம் இறங்கும்போது ஸ்லைடரைச் சுருக்க இழுத்த நாடாவைத் தளர்த்தாமல் மடித்தால் அடி நிச்சயம்.

வீட்டில் மடித்துப் பழக 20 அடி நீள இடம் போதும். களத்துச் சிமெண்டில் வேண்டாம்: மண் துகள் துணியை அரிக்கும், வெயில் நைலானைத் தின்னும். நிழலில் ரெண்டு பவானி ஜமக்காளம் விரித்தால் சரி.

ரிசர்வில் (மெயின் கைவிட்டால் திறக்கும் மாற்றுப் பாராசூட்டில்) கை வைக்காதீங்க, அது ரிக்கர் வேலை, அதாவது பாராசூட் மடிக்கத் தகுதி பெற்றவர் வேலை.