காய்கறி வெட்டியே சூல் ஒட்டு முறை கத்துக்கலாம் வாங்க

ப்ளஸ் ஒன் பாட்டனில சூல் ஒட்டு முறைன்னு (சூற்பைக்குள்ள சூல் எந்த இடத்துல ஒட்டியிருக்குங்குறது) ஒரு பகுதி வரும்ல, அத வெறும் படத்த பாத்து மனப்பாடம் பண்ணா எக்ஸாம் ஹால்ல அதோட வகைகளான அச்சு ஒட்டும் சுவர் ஒட்டும் கண்டிப்பா குழம்பும். தண்டையார்பேட்டை மார்க்கெட்டோ வியாசர்பாடி தள்ளுவண்டியோ, எங்கயாவது போய் நாலு வெண்டைக்கா, கொஞ்சம் பச்சைப்பட்டாணி (கிடைக்கலன்னா அவரைக்கா), ஒரு தக்காளி, பிஞ்சு வெள்ளரிக்கா, முழுசா பழுக்காத பப்பாளி வாங்கிட்டு வந்துருங்க. கூட ஒரு புது பிளேடு.

காய எதுக்கு வெட்டணும்னு கேப்பீங்க. பூவுல இருக்குற சூற்பை தான் பின்னாடி காயாகுது, உள்ள இருக்குற சூல் தான் விதையாகுது. அதனால விதை எங்க ஒட்டிட்டு இருக்கோ அங்க தான் சூலும் ஒட்டிட்டு இருந்துச்சு. மொத்த பாடமே இந்த ஒரு கேள்வி தான்: விதை எத புடிச்சிட்டு இருக்கு?

ஸ்டெப் 1: பட்டாணிய பொளந்து பாருங்க. ஒரே சூலக இலை (சூற்பைய உண்டாக்குற இலை மாதிரி பகுதி), ஒரே அறை. விதையெல்லாம் ஒரு பக்க ஓரத்துல தான் ஒட்டியிருக்கும், எதிர் ஓரம் காலியா இருக்கும். நல்லா பாத்தா ஒரு விதை இந்த பாதில, அடுத்தது அந்த பாதில. இது விளிம்பு ஒட்டு.

ஸ்டெப் 2: வெண்டைக்காய குறுக்க வெட்டுங்க, வழவழப்ப துணியால துடைச்சிருங்க. பொதுவா அஞ்சு அறை இருக்கும், அறைக்கு அறை நடுவுல தடுப்பு இருக்கும், அந்த தடுப்பெல்லாம் நடுவுல சேர்ற அச்சுல தான் விதை ஒட்டியிருக்கும். இது அச்சு ஒட்டு. இன்னொன்ன நெடுக்கால வெட்டுங்க, இத யாரும் பண்றதில்ல, ஆனா அப்ப தான் விதை வரிசையா உள்பக்கமா புடிச்சிட்டு இருக்குறது தெளிவா தெரியும். தக்காளியும் இதே வகை தான், சூலொட்டுத் திசு (சூல் ஒட்டியிருக்குற திசு) சதையா உப்பியிருக்குறதால பாக்க வேற மாதிரி தெரியுது.

ஸ்டெப் 3: பப்பாளி. உள்ள தடுப்பே கிடையாது, நடுவுல காலி, விதை மொத்தமும் சுவர்ல. சுவர் ஒட்டு, அவ்ளோ தான். இப்ப வெள்ளரிய வெட்டுங்க, விதை நடுவுல இருக்குற மாதிரி தெரியும், அச்சுன்னு எழுதிராதீங்க! சுவர்ல இருந்து மூணு சூலொட்டுத் திசு உள்ள வளர்ந்து வந்து நடுவுல முட்டிட்டு நிக்குது, அதனால இதுவும் சுவர் ஒட்டு தான்.

ஸ்டெப் 4: மாடியில தொட்டில டேபிள் ரோஸ் இருந்தா, பூ வாடினதுக்கு அப்புறம் வர்ற குட்டி காயோட மூடிய நகத்தால எடுங்க. மணல் மாதிரி விதை நடுவுல குவிஞ்சிருக்கும், தடுப்பு இருக்காது. நடுவுல ஒட்டியிருக்கு ஆனா அறை பிரியலன்னா அது தனித்த மைய ஒட்டு. அச்சுக்கும் இதுக்கும் தடுப்பு ஒன்னு தான் வித்தியாசம்.

அடி ஒட்டுக்கு சூரியகாந்தி. தோலோட இருக்குற காய் ஒன்ன உடைச்சா உள்ள ஒரே விதை, அடியில ஒட்டியிருக்கும்.

இதெல்லாம் கை பழகினதுக்கு அப்புறம் ஒரு செம்பருத்தி பூ எடுங்க. இதழ பிச்சிட்டு அடியில இருக்குற சின்ன சூற்பைய பிளேடால மெல்லிசா குறுக்க சீவி லென்ஸ்ல பாருங்க, அஞ்சு அறை, நடு அச்சுல வெள்ளை வெள்ளையா சூல். மேல சூல்முடியையும் (மகரந்தம் வந்து ஒட்டுற நுனி) எண்ணிப் பாருங்க, அங்கயும் அஞ்சு தான்.