கட்டுரை எழுதக் கற்பிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி 'எங்கள் ஊர்த் திருவிழா' கட்டுரையில் இப்படி எழுதியிருந்தாள்: "தேர் திரும்பும் இடத்தில் என் தாத்தாதான் முட்டு கட்டை போடுவார். இப்போது அவர் கை நடுங்குது." விடுபட்ட 'க்' இருக்க வேண்டிய இடத்தைச் சிவப்பு மையில் சுழித்தேன். 'நடுங்குது' என்பதை அடித்து 'நடுங்குகிறது' என்று திருத்தினேன். பத்துக்கு ஐந்து போட்டேன். அன்று வகுப்பு முழுவதும் எழுதியதில் உயிருள்ள வரிகள் அவை இரண்டுதான் என்பது நோட்டைத் திருப்பிக் கொடுத்த பிறகே உறைத்தது. அடுத்த கட்டுரையில் அவள் துணைநூல் வாக்கியங்களை அப்படியே இறக்கிவைத்திருந்தாள். ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை.

எல்லாப் பிழைகளையும் ஒரே மூச்சில் திருத்தாதீர்கள். முதல் வாசிப்பில் பிள்ளை என்ன சொல்ல வருகிறது என்று மட்டும் பாருங்கள். 'கட்டை போட்டுவிட்டுத் தாத்தா எந்தப் பக்கம் விலகுவார்?' என்று ஓரத்தில் ஒரு கேள்வி எழுதினால் போதும். அவள் மறுபடி எழுதுவாள். அந்த இரண்டாம் படியில் வல்லினம் மிகும் இடங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க எழுத்தாளரும் ஆசிரியருமான டொனால்ட் மர்ரி 1972இல் வலியுறுத்தியது இதைத்தான்: முடிந்த கட்டுரையை மதிப்பிடுவதோடு நில்லாமல், அது உருவாகும் வழியைக் கற்பிக்க வேண்டும். நேரம் எங்கே என்று கேட்பார்கள். பருவத்துக்கு நான்கு கட்டுரை எழுதவைப்பதற்குப் பதில் இரண்டை இருமுறை எழுதவையுங்கள்.

புதிய முறை என்றாலே 'மனம்போல் எழுது' என்று தாளைக் கொடுத்துவிட்டு ஒதுங்குவது இதற்கு நேர் எதிரான தவறு. தமிழில் இது கூடுதலாகவே கெடுதல் செய்யும். பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் நமக்கு வேறு வேறு. 'வந்துச்சு' என்று பேசி வளர்ந்த பிள்ளைக்கு 'வந்தது' தானாக வந்துவிடாது. நல்ல உரைநடையைக் கேட்டும் வாய்விட்டு வாசித்தும் பார்த்து எழுதியும்தான் வரும். சொல்வதை எழுதுதலும் மனப்பாடமும் பழையவை என்பதற்காக அவற்றைத் தூக்கி எறியக் கூடாது.

பழையதிலும் எதைப் பழையது என்கிறோம் என்று பார்க்க வேண்டும். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் எழுத்தை வாயால் சொல்லிக்கொண்டே விரலால் மணலில் எழுதினார்கள். சென்னையில் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் அதைக் கண்டு தம் பள்ளியிலும் புகுத்தினார்; 1797இல் லண்டனில் அந்த அனுபவத்தை நூலாகவும் வெளியிட்டார். மணலில் தவறாக எழுதினால் உள்ளங்கையால் ஒரு தடவு, மறுபடி எழுதலாம். அந்த வசதியைப் பறித்தது நம் கட்டுரை நோட்டு.

முன்னுரை, பொருளுரை, முடிவுரைச் சட்டகம் தேர்வுக்குத் தேவை, கற்பியுங்கள். ஆனால் சொல்ல ஏதாவது சேர்ந்த பிறகு கற்பியுங்கள்.

பக்கத்து மாணவனிடம் நோட்டைக் கொடுத்துப் 'பிழை கண்டுபிடி' என்பதும் வேண்டாம். எழுதியவர் வாய்விட்டு வாசிக்கட்டும். கேட்பவர் புரியாத இடத்தில் கை உயர்த்தட்டும். அங்கே ஒரு கோடு போட்டுக்கொண்டு மேலே வாசிக்கச் சொல்லுங்கள்.