உங்க விலங்கு ஜீனோமை ஜென்பேங்க்ல ஏத்துறது எப்படி?

அசெம்ப்ளி (டிஎன்ஏ துண்டுகளை ஒட்டி முழு ஜீனோமாக்கறது) முடிஞ்சு, அந்த டிஎன்ஏ வரிசை இருக்கற ஃபாஸ்டா ஃபைல் சும்மா கெடக்குதா? அமெரிக்காவோட பொது டிஎன்ஏ டேட்டாபேஸான ஜென்பேங்க்ல ஏத்திருங்க. அங்க போட்டா போதும், ஐரோப்பாவோட ஈஎன்ஏவுக்கும் ஜப்பானோட டிடிபிஜேவுக்கும் தானா போயிரும்.

முதல்ல பயோப்ராஜெக்ட் (உங்க ஆய்வு பத்தின பதிவு), பயோசாம்பிள் (சாம்பிள் பத்தின பதிவு) ரெண்டையும் பதிவு பண்ணுங்க. எந்த இனம், ஆணா பெண்ணா, எந்த திசு, எங்க எப்ப எடுத்தது, எல்லாம் கேப்பாங்க, ஏனோதானோனு நிரப்பாதீங்க. லோக்கஸ் டேக் ப்ரிஃபிக்ஸையும் (உங்க ஜீன்களோட அடையாள எண்ணுக்கு முன்னாடி வர்ற எழுத்துகள்) இப்பவே வாங்கி குறிச்சு வச்சுக்கோங்க, கடைசில தேவைப்படும். ரா ரீட்ஸ், அதாவது சீக்வென்சர்ல இருந்து வந்த மூலத் துண்டுகள், எஸ்ஆர்ஏங்கற தனி டேட்டாபேஸ்ல போகணும்.

அடுத்தது சுத்தம் பண்றது. இதை மட்டும் தாண்டிப் போயிராதீங்க. 2015ல நீர்க்கரடி (டார்டிகிரேடுங்கற நுண்ணிய விலங்கு) ஜீனோம்ல ஆறுல ஒரு பங்கு ஜீன் வேற உயிர்கள்கிட்ட இருந்து வந்ததுனு ஒரு பேப்பர் வந்து பெரிய பரபரப்பாச்சு, அப்புறம் பாத்தா அதுல பெரும்பாலானது சாம்பிளோட கலந்திருந்த பாக்டீரியா டிஎன்ஏ! அதனால இப்படிக் கலந்த டிஎன்ஏவைக் கண்டுபிடிக்கற எஃப்சிஎஸ்-ஜிஎக்ஸ் டூலை ஓட்டிருங்க. அதுக்கு சுமார் 500 ஜிபி ரேம் வேணும், லேப்டாப்ல ட்ரை பண்ணாதீங்க, க்ளஸ்டர்ல இடம் கேளுங்க.

அப்புறம் ரிப்பீட்மாடலர், ரிப்பீட்மாஸ்கர்: ஜீனோம்ல திரும்பத் திரும்ப வர்ற பகுதிகளைக் கண்டுபிடிச்சு குறிக்கற டூல்கள். சாஃப்ட் மாஸ்க்தான் பண்ணணும், அதாவது ரிப்பீட் பகுதி சின்ன எழுத்தா மாறும், அவ்வளவுதான். எல்லாத்தையும் என்-னு மாத்திட்டீங்கன்னா நல்ல ஜீனோட துண்டும் சேந்து காணாமப் போகும்.

இப்ப ஜீன்களைக் கண்டுபிடிக்கற ப்ரேக்கர்3. ஆர்என்ஏ-சீக் டேட்டாவும் (எந்த ஜீன் வேலை செய்யுதுனு ஆர்என்ஏவைப் படிச்சு எடுத்தது) பல இனங்களோட புரோட்டீன் தொகுப்பும் கொடுத்து, --gff3 ஆப்ஷனோட ஓட்டினா ஜீன் எங்கெங்க இருக்குனு ஜிஎஃப்எஃப்3 ஃபைலா கொடுத்துரும். வந்ததை பஸ்கோங்கற டூல்ல சரிபாருங்க, விலங்குகள்ல பொதுவா ஒரே ஒரு காப்பியா இருக்கற ஜீன்களோட மெட்டாசோவா ஓடிபி10 செட்ல 954 ஜீன் இருக்கு, அதுல எத்தனை முழுசா கிடைக்குதுனு சொல்லும். டூப்ளிகேட் எக்கச்சக்கமா வந்தா, ஒரே குரோமோசோமோட ரெண்டு காப்பியும் அசெம்ப்ளில தங்கிருச்சோனு சந்தேகப்படுங்க.

ஜீனுக்குப் பேர் வைக்கும்போது பிளாஸ்ட்ல (ஒத்த வரிசைகளைத் தேடற டூல்) முதல்ல வந்ததை அப்படியே ஒட்டாதீங்க. நீங்க தப்பா வச்ச பேரை நாளைக்கு இன்னொருத்தர் அவங்க ஜீனோமுக்கு காப்பி பண்ணுவாங்க, அப்படியே பரவிட்டே போகும். உறுதியா தெரியலைன்னா ஹைப்பதெட்டிக்கல் புரோட்டீன்னு (வேலை என்னனு தெரியாத, இருக்கலாம்னு கணிச்ச புரோட்டீன்) போடுங்க, அதுல ஒண்ணும் கேவலம் இல்ல.

கடைசியா ஃபாஸ்டா, ஜிஎஃப்எஃப்3, டெம்ப்ளேட் (அனுப்பறவங்க விவரம் இருக்கற ஃபைல்) மூணையும் டேபிள்2ஏஎஸ்என்ல கொடுங்க, அது எல்லாத்தையும் சேத்து ஜென்பேங்க் கேக்கற எஸ்க்யூஎன் ஃபைலா ஆக்கும். எரர் ரிப்போர்ட் நீளமா வரும், பயப்படாதீங்க, புரோட்டீன் நடுவுல ஸ்டாப் கோடான் (இங்க முடியுதுனு சொல்ற குறி) இருக்கறதை எல்லாம் முதல்ல சரி பண்ணுங்க. பண்ணிட்டு அந்த எஸ்க்யூஎன் ஃபைலை சப்மிஷன் போர்ட்டல்ல ஏத்துங்க. வெளியிடற தேதியை நீங்களே தள்ளி வச்சுக்கலாம், ஆனா அதுக்கு முன்னாடி பேப்பர்ல அக்ஸஷன் நம்பர் (உங்க ஜீனோமுக்கு ஜென்பேங்க் கொடுக்கற எண்) வந்துருச்சுன்னா டேட்டாவை உடனே திறந்து விட்ருவாங்க.