கைவிடப்பட்ட மனநலக் காப்பகங்களைப் படமெடுத்தல்

முதல் வேலை, கட்டடத்தின் உரிமையாளரிடம் எழுத்துப்பூர்வமான அனுமதி பெறுவது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 1864 முதல் 1994 வரை இயங்கிய வெஸ்டன் காப்பகம் இப்போது பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் இத்தகைய இடங்களில் பழகிக்கொள்வதே நல்லது. பாழடைந்த கட்டடங்களில் குழாய் உறைகளிலும் தரை ஓடுகளிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும் என்பதால், துணி முகக்கவசத்தை நம்பாமல் நுண்தூசியைத் தடுக்கும் பி3 தர வடிகட்டி பொருத்திய சுவாசக் கவசம் அணிய வேண்டும். மரத்தளங்கள் உளுத்திருக்கும், தனியாகப் போகக் கூடாது.

போவதற்கு முன் கட்டடத்தின் வரைபடத்தைப் படியுங்கள். தாமஸ் கிர்க்பிரைட் என்ற மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டில் வகுத்த முறைப்படி, ஒவ்வொரு கூடத்துக்கும் வெளிச்சமும் காற்றும் கிடைப்பதற்காகச் காப்பகக் கட்டடத்தின் இருபுறப் பகுதிகள் படிப்படியாகப் பின்தள்ளிக் கட்டப்பட்டன. வெஸ்டனும் அவ்வாறு 250 பேருக்காகக் கட்டப்பட்டதுதான்; 1950-களில் அங்கே 2,400-க்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தார்கள். நல்லெண்ணத்துடன் வைக்கப்பட்ட சன்னலும் பின்னாளில் நேர்ந்த நெரிசலும் ஒரே சுவரில் தெரிகின்றனவா என்று தேடுவதுதான், என் பார்வையில், இந்தப் படக்கலையின் சாரம்.

முக்காலியில் கேமராவை மட்டமாகப் பொருத்தி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/8 என்று வைத்துக்கொண்டு, சன்னலின் வெளிச்சமும் மூலையின் இருளும் பதியும்படி இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளியளவு இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) இடைவெளியில் மூன்று அல்லது ஐந்து படங்கள் எடுத்து, பின்னர் மிதமாக இணைக்கலாம். பளிச்சொளி (ஃபிளாஷ்) வேண்டாம். நீண்ட நடைபாதைக்கு அகலக்கோண லென்ஸ் பொருந்தும்; ஆனால் தனியறையை 16 மிமீ லென்ஸில் எடுத்தால் அது கூடம்போல் விரிந்து பொய் சொல்லும். அங்கே 35 மிமீ போதும். சுவர்கள் எவ்வளவு அருகில் இருந்தன என்பது பார்ப்பவருக்கு உறைக்க வேண்டும்.

எதையும் இடம் மாற்றாதீர்கள். சக்கர நாற்காலியைச் சன்னலடியில் இழுத்துவைத்து, அதில் ஒரு பொம்மையையும் உட்கார்த்தி எடுக்கும் பேய்ப்படங்கள் எனக்குச் சலித்துவிட்டன; அங்கே வாழ்ந்தவர்களைப் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை. மாறாக, இத்தாலியின் வோல்தெர்ராக் காப்பகத்தில் ஒரெஸ்தே பெர்னாந்தோ நன்னெத்தி என்ற நோயாளி தம் உடுப்பின் கொக்கியால் வெளிச்சுவரில் ஆண்டுக்கணக்கில் கீறிய எழுத்துகளை எண்ணிப் பாருங்கள். நியூயார்க் மாநிலத்தின் வில்லர்டு காப்பகம் 1995-இல் மூடப்பட்டபோது, பரணில் நோயாளிகளின் 400-க்கும் மேற்பட்ட பெட்டிகள் கிடைத்தன. ஊருக்குத் திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்த பெட்டிகளாகவும் அவற்றில் சில இருந்திருக்கலாம். கைபட்டுத் தேய்ந்த கதவு விளிம்பு, சுவரில் கீறிய கோடு ஆகியவற்றின் முன் முதலில் சற்று நேரம் நின்றுவிட்டுப் பிறகு படமெடுங்கள். கோப்புகள் கிடந்தால், நோயாளியின் பெயர் தெரியும்படி எடுக்க வேண்டாம். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள்.

இடுகாட்டைத் தவறவிடாதீர்கள். மாசசூசெட்ஸின் டான்வர்ஸ் காப்பகத்தில் இருந்ததுபோல், பல இடங்களில் கல்லறைகளில் வெறும் எண் மட்டுமே இருக்கும். காலையிலோ மாலையிலோ, வெயில் பக்கவாட்டில் சாயும்போது எடுத்தால் தேய்ந்த எண்ணும் வாசிக்க வரும். சுண்ணக்கட்டியால் தேய்த்துத் துலக்க வேண்டியதில்லை.