முள்ளை நகர்த்தினால் மீட்டர் சரியாகாது

போன வாரம் ஒரு தம்பி தன் பழைய பிக்கப்போடு வந்தார். ஓடுகிற வேகத்தைவிட ஸ்பீடோமீட்டர் குறைவாகக் காட்டுகிறதாம். பேசிக்கொண்டே மீட்டரைக் கழற்றி மடியில் வைத்து, முள்ளின் அடியில் ஒரு ஸ்பூனைக் கொடுத்து நெம்பப் போனார். “முதலில் அதைக் கீழே வைங்க” என்று நான் போட்ட சத்தம் எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. என்ன செய்ய, பல வருடங்களுக்கு முன்னால் அதே மாதிரி ஒரு ஸ்பூனோடு உட்கார்ந்திருந்தவன்தான் நானும்.

கியர்பாக்ஸிலிருந்து வந்து மீட்டரைச் சுற்றும் கேபிள் கழன்றிருக்கிறதா, அறுந்திருக்கிறதா என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதை விட்டுவிட்டு, அதற்கு மேல் செய்கிற தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

முள்ளைக் கழற்றி வேறு இடத்தில் செருகுவது

என்னுடையது 727 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போட்ட டாட்ஜ் பிக்கப். 28 அங்குல டயரைக் கழற்றிவிட்டு, பார்க்க நன்றாக இருக்கும் என்று 31 அங்குல டயர் மாட்டினேன். டயர் பெரிதானால் ஒரு மைலுக்கு அது சுற்றும் சுற்று குறையும், கேபிளும் மெதுவாகச் சுற்றும். உண்மையான வேகம் 60 மைலாக இருக்கும்போது முள் 54-இல் நின்றது. ஆறு மைல்தானே குறைகிறது, முள்ளை ஆறு மைல் தள்ளி வைத்தால் போயிற்று என்று நினைத்தேன்.

60-இல் அருமையாகக் காட்டியது. பிரச்சினை மற்ற எல்லா வேகத்திலும் வந்தது. 30-இல் போனால் 33 காட்டும். 75-இல் போனால் 74. வாசலில் நிற்கிற வண்டி மணிக்கு 6 மைல் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது! டயரால் வரும் பிழை விகிதத்தில் வருவது, வேகம் கூடக்கூட அதுவும் கூடும். முள்ளை நகர்த்துவதோ எல்லா வேகத்துக்கும் ஒரே அளவைக் கூட்டுவது. இரண்டும் ஒரே ஒரு புள்ளியில்தான் சந்திக்கும்.

அதைவிட எரிச்சல், ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டரை நான் மறந்தே போனது. அது முள்ளோடு சேர்ந்ததில்லை, கேபிளின் சுற்றைப் பல்சக்கரம் வழியாக நேராக எண்ணுவது. முள்ளை எங்கே வைத்தாலும் அது குறைத்துத்தான் எண்ணும். 3,000 மைல் ஆயிற்று என்று ஆயில் மாற்றினேன். உண்மையில் 3,300-ஐத் தாண்டியிருந்தது.

சரி, பழையபடி வைத்துவிடலாம் என்று முள்ளை மறுபடி நெம்பினேன். முள் வரவில்லை, அது நின்ற மெல்லிய தண்டுதான் வளைந்தது. உள்ளே கேபிளோடு ஒரு காந்தம் சுற்றும், அதன் இழுப்பில் ஓர் அலுமினியக் கிண்ணம் திரும்பும், தலைமுடி மாதிரியான ஒரு ஸ்பிரிங் அதைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும். அந்த ஸ்பிரிங் சுருண்டு சிக்கிக்கொண்டது. நல்ல மீட்டர் ஒன்று அன்றோடு போயிற்று. பழுது அதில் இல்லவே இல்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் பொறுக்கவில்லை.

செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான். ஜிபிஎஸ்ஸை வைத்துக்கொண்டு 10 மைல் ஓட்டி, ஓடோமீட்டர் எவ்வளவு எண்ணியது என்று பார்த்திருக்க வேண்டும். ஓடோமீட்டரும் முள்ளும் ஒரே விகிதத்தில் குறைந்தால் குற்றம் கீழே: டயர், பின் சக்கரங்களைச் சுற்றும் ஆக்சிலின் பல் விகிதம், கியர்பாக்ஸில் கேபிளைச் சுற்றும் பல்சக்கரம். ஓடோமீட்டர் சரியாக எண்ணி, முள் மட்டும் தப்பினால் குற்றம் மீட்டருக்குள்.

தம்பியின் வண்டியில் மீட்டரைத் திரும்ப மாட்டி ஓட்டிப் பார்த்தோம். ஓடோமீட்டர் பத்துக்குப் பத்து எண்ணியது. அப்படியானால் மீட்டர்தானே குற்றவாளி, முள்ளை நகர்த்தலாமே என்று மறுபடி ஆரம்பித்தார். காந்தம் வலுவிழந்தாலும் பிழை விகிதத்தில்தான் வரும். முள்ளை நகர்த்துவது அதற்கும் மருந்தில்லை. காந்தத்துக்கு மறுபடி வலுவேற்றத் தெரிந்த மீட்டர் மெக்கானிக்கிடம் கொடுக்கச் சொல்லி அனுப்பினேன்.

பல்லைக் கூட்டுவதா, குறைப்பதா

என் வண்டிக்குக் கடைசியில் பலன் தந்தது பல்சக்கரம்தான். கியர்பாக்ஸில் கேபிள் முனையில் இருக்கும் சக்கரத்துக்கு 33 பல். 33-ஐ 28-ஆல் பெருக்கி 31-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 30 வரும். முள் குறைத்துக் காட்டினால் பல்லைக் குறைக்க வேண்டும். கேபிள் பக்கத்துச் சக்கரத்தில் பல் குறைந்தால் அது வேகமாகச் சுற்றும். அதிகம் காட்ட அதிகப் பல் என்று நினைத்து எதிர்ப்பக்கம் போகிறவர்கள் நிறைய. அப்படிப் போனால் பிழை இரட்டிப்பாகும்.

727-இல் இன்னொரு கண்ணி உண்டு. பல்சக்கரம் உட்காரும் கூட்டில் துளை நடுவில் இருக்காது, ஒதுங்கி இருக்கும். கூட்டின் முகத்தில் பல் எண்ணிக்கை வரம்புகள் பொறித்திருக்கும். உங்கள் சக்கரத்துக்கான வரம்பு அடிப்பக்கம், கடிகாரத்தில் 6 இருக்கும் இடத்தில், வரும்படி கூட்டைத் திருப்பி மாட்ட வேண்டும். 33-ம் 30-ம் வேறு வேறு வரம்பு. நான் திருப்பாமல் மாட்டினேன். பற்கள் சரியாகக் கோக்காமல் புதுச் சக்கரம் தேய்ந்து பொடியாயிற்று. இன்னொன்று வாங்கினேன்.

டயரில் எழுதிய அளவை வைத்துக் கணக்குப் போடுவது

எழுதியதை நம்பாதீர்கள். சாக்பீஸால் டயரிலும் தரையிலும் கோடு போட்டு, வண்டியை ஒரு முழுச் சுற்று உருட்டி, டேப்பால் அளந்து பாருங்கள்.

ஆடுகிற முள்ளுக்குப் பல்சக்கரம் வாங்குவது

முள் ஆடினால் காரணம் பெரும்பாலும் கேபிள்தான். மடங்கியிருக்கும், அல்லது காய்ந்திருக்கும்.

கேபிளுக்குக் கிரீஸை அள்ளிப் பூசுவது

கேபிள் சுற்றச் சுற்ற கிரீஸ் மேலே ஏறி மீட்டருக்குள் போகும். காந்தமும் கிண்ணமும் ஒட்டிக்கொண்டால் முள் கடைசி எண்ணுக்குப் போய் முட்டி நிற்கும். மெல்லிய பூச்சு போதும், அதுவும் மீட்டர் பக்கத்து நான்கு விரல் நீளத்தை விட்டுவிட்டு.