நாணய ஆய்வாளரின் ஏடுகளையும் நூலகத்தையும் காப்பது எப்படி: செட்டிநாட்டு வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பல, ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. கல்யாணம், முன்னோருக்குச் செய்யும் படைப்பு, பங்கு பிரிப்பு என்று ஏதேனும் ஒன்றுக்காகக் குடும்பம் கூடும் இரண்டு மூன்று நாளில்தான் மாடி அறையும் பெட்டகங்களும் திறக்கப்படுகின்றன, "இவ்வளவு காகிதத்தையும் என்ன செய்வது?" என்ற கேள்வியும் அப்போதுதான் எழுகிறது. அந்த வீட்டில் வாழ்ந்து மறைந்தவர் நாணய ஆய்வாளராக இருந்தால், காசுகளை வங்கி லாக்கரில் வைத்துவிட்டு, புத்தகங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்து, மிச்சக் காகிதத்தை எடைக்குப் போட்டுவிடுவதே வழக்கமாக நடக்கிறது. அவர் வாழ்நாளெல்லாம் செய்த வேலையை இது மூன்றாகப் பிளந்து, மூன்றையும் ஊமையாக்கிவிடுகிறது.

காசு எங்கே கிடைத்தது, யார் கையிலிருந்து வந்தது, எவற்றோடு சேர்ந்து கிடைத்தது என்ற செய்திகள்தாம் அதைச் சான்றாக்குகின்றன. நமக்கு அருகிலேயே எடுத்துக்காட்டு உண்டு. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் கருக்காக்குறிச்சிப் பக்கம் 1898-இல் ஒரு புதையலாக 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுள் மிகப் பலவற்றில் பேரரசரின் தலைமீது வெட்டுத் தழும்பு இருந்தது. அவை ஒருசேரக் கிடைத்தன என்பதும் அந்தத் தழும்புகளும் உடனே எழுதி வெளியிடப்பட்டதால்தான், இத்தனை காசுகளை ஏன் வெட்டினார்கள் என்ற கேள்வியை அறிஞர்கள் இன்றுவரை எழுப்ப முடிகிறது. ஒவ்வொன்றும் தனித்தனியே கைமாறியிருந்தால், அவை வெறும் பழுதுபட்ட தங்கக்காசுகள். உங்கள் வீட்டு அறையில் இருப்பதும் அப்படியொரு சேர்க்கைதான். காசு, அதன் உறை, அதைப் பற்றிய கடிதம், குறிப்பேடு, புத்தக ஓரத்தில் பென்சிலால் எழுதிய வரி ஆகியவற்றுக்கு இடையேயுள்ள தொடர்பு அறுந்துவிடாமல் காப்பதே முதல் வேலை. மற்ற எல்லா வேலையும் இதற்குப் பிறகுதான்.

தொடங்குவதற்கு முன் பங்காளிகளின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள். வளவும் (உள்முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்) முகப்பும் பொதுவாக இருக்கும் வீட்டில், எந்த அலமாரி யாருடையது என்பதே தெளிவாக இராது. ஒரே ஒரு தாளில், "இன்ன அறையிலுள்ள ஏடுகளையும் நூல்களையும் பிரிக்காமல் வைக்க ஒப்புகிறோம், பொறுப்பு இன்னாருக்கு" என்று எழுதிக் கையொப்பம் வாங்கினால் போதும். உரிமையைப் பற்றிய பேச்சு பின்னால் நடக்கட்டும். வெளிநாட்டில் இருப்பவர்களின் சம்மதத்தை மின்னஞ்சலில் பெற்று அச்செடுத்து அதனுடன் சேர்த்து வையுங்கள்.

அறையைத் திறந்ததும் எதையும் நகர்த்தாமல், வாசலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு அலமாரி, தட்டு, இழுப்பறை என்று கைபேசியில் படம் எடுங்கள். பிறகு அலமாரிக்கு எழுத்தும் தட்டுக்கு எண்ணும் இட்டு, சிறு தாளில் பென்சிலால் எழுதி அந்தந்த இடத்தில் செருகி வையுங்கள். குப்பையாகத் தோன்றும் குவியலுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. மேசையின் இடது மூலையில் இருந்த கட்டு, அவர் கடைசியாக எழுதிக்கொண்டிருந்த கட்டுரைக்கானதாக இருக்கலாம்.

எங்கள் உறவினர் ஒருவரின் அறையை ஒழுங்குபடுத்தியபோது நான் செய்த பிழையைச் சொல்லியாக வேண்டும். சிறிய பழுப்பு உறைகளில் இருந்த காசுகளைத் தட்டில் கொட்டிப் படம் எடுப்பது எளிது என்று நினைத்து, ஒரே நேரத்தில் ஆறு உறைகளைத் திறந்துவிட்டேன். ஓர் உறைமேல், "அம்மன் காசு. திருமயம் சந்தை. 19 கிரெயின். 'ய' வளைவு வேறு. 14-ஆம் கடிதம் பார்க்க" என்று நுண்ணிய எழுத்தில் இருந்தது. ஒரு புறம் அம்மன் உருவமும் மறுபுறம் தெலுங்கில் 'விஜய' என்ற எழுத்தும் கொண்ட அந்தப் புதுக்கோட்டைச் செப்புக்காசுகள் ஆறும் என் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருந்தன. எது எந்த உறைக்கு உரியது என்று கண்டுபிடிக்க, குறிப்பேட்டில் இருந்த எடைகளோடு ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்க்க நான்கு நாள் ஆயிற்று. அப்படியும் இரண்டு காசுகளுக்கு உறுதி சொல்ல முடியவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. ஆகவே ஒரு நேரத்தில் ஓர் உறையை மட்டும் திறக்க வேண்டும். உறையின் இரு பக்கத்தையும், காசின் இரு பக்கத்தையும் அளவுகோலுடன் ஒரே சட்டகத்தில் படம் எடுத்து, காசை அதே உறைக்குள் போட்ட பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். கிரெயினில் எழுதியதை அடித்துவிட்டுக் கிராமில் எழுதாதீர்கள். ஒரு கிரெயின் 0.0648 கிராம், மாற்றிய எடையை உங்கள் பட்டியலில் எழுதிக்கொள்ளலாம், அவர் எழுதியது அவர் எழுதியபடியே இருக்கட்டும்.

காசைத் துலக்கவே கூடாது. செம்பும் பித்தளையும் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதே கையால் ஒரு பழங்காசைத் தேய்த்தால், நூற்றாண்டுகளாகப் படிந்த பச்சைப் பூச்சோடு எழுத்தும் போய்விடும். மென்மையான பிவிசி நெகிழிப் பைகளில் இருந்தால் அவற்றிலிருந்து மட்டும் எடுத்துவிடுங்கள். அந்த நெகிழி நாளடைவில் அமிலத்தை வெளிவிட்டு, காசின்மேல் பசபசப்பான பச்சைப் படலத்தை உண்டாக்கும். பழைய உறை கிழியும் நிலையில் இருந்தால் காசை அமிலமற்ற புதிய காகித உறைக்கு மாற்றி, பழைய உறையையும் அதே எண்ணிட்டுக் கூடவே வையுங்கள்.

இனி, எதைத் தூக்கி எறியக் கூடாது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இழப்பு நேர்வது இங்கேதான். வெள்ளீயத் தாளில் அழுத்தி எடுத்த பதிவுகள், பென்சிலால் தேய்த்தெடுத்த படிகள், சுண்ணாம்பு அச்சுகள் ஆகியவை விளையாட்டுப் பொருள்போலத் தோன்றும். ஆனால் மூலக்காசு விற்கப்பட்டோ தொலைந்தோ போயிருந்தால், அது இருந்ததற்கு எஞ்சியிருக்கும் சாட்சி இந்தப் படியே. அவர் எழுதிய கடிதங்களின் கார்பன் படிகள் மெலிந்து கிழியும் தாள்களாக இருக்கும். வந்த கடிதத்துக்கு அவர் சொன்ன பதில் அவற்றில்தான் இருக்கிறது. உறையையும் அஞ்சல் முத்திரையையும் கடிதத்திலிருந்து பிரிக்காதீர்கள். தேதியிடாத கடிதத்துக்கு முத்திரையே தேதி. ஏலக் கம்பெனிகளின் பழைய விலைப்பட்டியல்களை நூலகங்களே வேண்டாம் என்று ஒதுக்குவதுண்டு. அவற்றின் ஓரத்தில் விற்ற விலையையும் வாங்கியவரின் பெயரையும் அவர் குறித்திருந்தால், அச்சிட்ட நூலைவிட அது அரியது. கரூர் அமராவதி, மதுரை வைகை ஆற்று மணலிலிருந்து சங்ககாலக் காசுகள் பல வெளிவந்தன. அவை வியாபாரிகளின் கை வழியாகவே ஆய்வாளர்களிடம் சேர்ந்ததால், எந்த ஊர்ப் பாத்திரக்கடையில் எப்போது வாங்கினார் என்ற துண்டுச்சீட்டும் ஆய்வுக்கு வேண்டியதாகிறது.

குடும்பக் கணக்குகளையும் இதோடு சேர்த்தே பாருங்கள். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் லேவாதேவி செய்த கடைகளின் பேரேடுகள், ஐந்தொகைத் தாள்கள், இசைகுடிமானம் (கல்யாண ஒப்பந்தம்), முறைச்சிட்டை (சீர்முறைப் பட்டியல்), மொய் ஏடு ஆகியவற்றில் எந்த நாணயம் எந்த மதிப்பில் புழங்கியது என்பது நாள்தோறும் பதிவாகியிருக்கிறது. டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும் ஜப்பானியர் காலத்தில் மலேயாவில் வெளியிட்ட, வாழைமரப் படம் போட்ட நோட்டுக் கட்டும், செல்லாத பணம் என்பதற்காகவே அங்கே கிடக்கிறது. அதை எண்ணிக் குறித்து வையுங்கள். பழைய கணக்குகளில் தமிழ் ஆண்டின் பெயர்தான் இருக்கும். அது அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருவது என்பதால் சித்திரபானு என்பது 1882-ஆகவும் இருக்கலாம், 1942-ஆகவும் இருக்கலாம். கடையின் விலாசமும் அதை நடத்திய மேலாளின் பெயரும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இதற்கு வீட்டிலுள்ள மூத்தவர்களை விட்டால் வேறு வழியில்லை. எங்கள் ஆச்சியிடம் ஒரு கட்டுக் கடிதத்தைக் காட்டியபோது, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இது உங்க ஐயா எழுத்தில்லையப்பா, ரங்கூன் கடை அடுத்தாள் எழுத்து. 'ள' போடும்போது வாலை இழுப்பார்" என்றார்கள். (மேலாளுக்கு அடுத்த நிலையில் கடையில் இருந்தவரே அடுத்தாள்.) அந்த ஒரு வாக்கியத்தால் முப்பது கடிதங்களுக்கு ஆசிரியர் கிடைத்தார். கைபேசியில் குரலைப் பதிந்துகொண்டே கேளுங்கள். இந்த வேலையை மட்டும் அடுத்த கல்யாணத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

புத்தகங்களைத் தலைப்பு வாரியாக அடுக்க வேண்டாம். இருந்த வரிசையிலேயே பட்டியலிடுங்கள். வால்டர் எலியட்டின் தென்னிந்திய நாணய நூல் போன்ற பழம்பதிப்புகளும் இந்திய நாணயவியல் கழகத்தின் இதழ்களும் வேறு நூலகங்களிலும் கிடைக்கும். ஆனால் அவர் கோடிட்ட படி ஒன்றுதான். இடையில் செருகிய சீட்டு எந்தப் பக்கத்தில் இருந்தது என்று குறித்து, அங்கேயே விடுங்கள்.

பாதுகாப்புக்குப் பெரிய செலவு தேவையில்லை. குண்டூசி, ரப்பர் பேண்ட், செல்லோடேப் ஆகியவற்றை அகற்றுங்கள். ஒட்டிப்போன டேப்பைப் பிடித்து இழுக்காமல் விட்டுவிடுங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், அதைத் திரும்ப எடுக்க முடியாது. அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். பர்மாத் தேக்கைக் கரையான் அவ்வளவாகத் தொடாது என்றாலும், சுவர் வழியே ஏறிக் காகிதத்தைத் தேடிப் போகும். மழைத்தண்ணீர் இறங்கும் வளவுப் பக்கத்து அறை ஏடுகளுக்கு ஏற்றதன்று. இராமபாணப் பூச்சி கண்ட கட்டை நெகிழி உறையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 பாகைக் குளிரில் ஒரு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் ஒரு நாள் கழித்துத் திறக்கலாம். புகைப்படச் சுருள்களை இப்படிச் செய்யாதீர்கள். வினிகர் வாடை வரும் சுருளை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்துவிடுங்கள். ஓலைச்சுவடி இருந்தால் நீங்களே எண்ணெய் பூசாமல், சுவடி பேணத் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள்.

ஒளிவருடலை (ஸ்கேன்) அங்குலத்துக்கு 400 புள்ளி அடர்த்தியில், டிஃப் (TIFF) கோப்பாகச் செய்யுங்கள். கோப்பின் பெயரில் அலமாரி எழுத்தும் தட்டு எண்ணும் வரட்டும். மூன்று படிகள், அவற்றுள் ஒன்று வேறு ஊரில்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசு தொல்பொருள். அதை வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. எழுபத்தைந்து ஆண்டு கடந்த, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் படிக்கும் இது பொருந்தும். வந்த கடிதத்தின் தாள் உங்களுடையது, ஆனால் அதை வெளியிடும் உரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுக்கும் உரியது. ஆய்வாளர் தம் வாழ்நாளில் வெளியிட்டவற்றின் பதிப்புரிமை, அவர் மறைந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு குடும்பத்திடம் இருக்கும்.

ஒரு நிறுவனத்துக்குக் கொடுப்பதா என்ற முடிவுக்குக் கோட்டையூர் வழிகாட்டுகிறது. அங்கே ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த நூல்களும் இதழ்களும் 1992-இல் அவர் மறைந்தபின் சிதறவில்லை. சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கி, அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாமல் தமிழ்நாட்டிலேயே வைத்ததால், 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. முழுமையாக, ஒரே பெயரில், ஆய்வாளர்கள் அணுகக்கூடிய இடத்தில் என்ற இந்த மூன்றையும் நீங்களும் நிபந்தனையாகக் கேளுங்கள். என் கருத்தில், காசுகள் அருங்காட்சியகத்துக்கும் ஏடுகள் நூலகத்துக்கும் போக நேர்ந்தாலும் குற்றமில்லை. ஆனால் இரண்டு இடத்திலும் ஒரே எண்களும் ஒரே பட்டியலும் இருந்தாக வேண்டும். இரட்டைப் படிகளை விற்கலாமா, கடிதங்களில் எவற்றை எத்தனை ஆண்டு திறக்கக் கூடாது, ஒளிவருடிய படி குடும்பத்துக்குக் கிடைக்குமா என்பவற்றைக் கொடைப் பத்திரத்தில் எழுதுங்கள். பத்திரத்தோடு முழுப் பட்டியலையும் இணைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் இரு தரப்பும் கையொப்பமிட்டு, ஒரு படியை வீட்டுப் பெட்டகத்தில் இசைகுடிமானக் கட்டோடு சேர்த்து வையுங்கள்.